செயின்சாவில் (மரம் அறுக்கும் மெஷின்) தீப்பொறி வரவில்லை, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்
வணக்கம் அண்ணன்மார்களே. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கும் பழைய ரப்பர் மரத்தை அறுக்கலாம் என்று போனால், கை வலிக்க இழுத்தும் செயின்சா ஸ்டார்ட் ஆகவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி சிலிண்டரில் ஒட்டிப் பிடித்து இழுத்தேன், பொறியே இல்லை. புது பிளக் போட்டும் அதே கதைதான். காயிலிலிருந்து (பிளக்குக்கு மின்சாரம் தரும் சுருள்) ஆஃப் சுவிட்ச் ஒயரைக் கழற்றியும் பார்த்தாயிற்று, ஆக சுவிட்ச் மேல் சந்தேகமில்லை. பிளைவீல் (இழுத்தால் சுழலும் சக்கரம்) காந்தத்தில் துரு. மணல்தாளால் தேய்த்து, காந்தத்துக்கும் காயிலுக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்டை வைத்து (மச்சான் கடை கார்டு, அதற்காவது உதவியது) 0.3 மில்லிமீட்டர் இடைவெளியில் காயிலை இறுக்கினேன். ம்ஹூம். பிளக் தொப்பிக்குள் ஸ்பிரிங் மட்டும் கறுத்திருக்கிறது. அதுதான் காரணமா, இல்லை காயிலே போய்விட்டதா? கடைக்காரர் மீட்டர்கூட வைத்துப் பார்க்காமல் காயிலை மாற்று என்கிறார். வாங்கும் முன் வேறு எதைப் பார்க்கலாம்?