ஊரை விட்டுப் போன அணிகள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

புதுக்குடியிருப்பிலிருந்து:

எங்கள் கழகத்தின் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி நடந்த நாட்களில், லண்டனில் இருக்கும் பெரியம்மாவின் மகன் விடுமுறைக்கு வந்திருந்தார். நீல ஜேர்சியோடு மைதானத்துக்கு வந்தவரைப் பையன்கள் சூழ்ந்துகொண்டார்கள். "செல்சியா அண்ணா?" என்று ஒருவன் கேட்டான். அண்ணாவின் முகம் சுருங்கிவிட்டது. "விம்பிள்டன்" என்றார். "அது டெனிஸ் அல்லவா?" என்றான் அவன். அவ்வளவுதான். இரண்டாம் பாதி தொடங்கியது கூடத் தெரியாமல் அண்ணா கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

1988 இல் லிவர்பூலை 1-0 என்று வீழ்த்தி இங்கிலாந்தின் எஃப்.ஏ. கிண்ணத்தைத் தூக்கிய கழகம் அது. 2002 இல் அதன் உரிமையாளர்கள் கழகத்தை மில்டன் கீன்ஸ் நகரத்துக்குக் கொண்டுபோக அனுமதி பெற்றார்கள். தீர்மானித்த குழுவில் மூன்று பேர். இரண்டு பேர் சரி என்றதும் காரியம் முடிந்தது. தூரம் ஏறக்குறைய 90 கிலோமீற்றர், கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குப் போவதைவிடக் கொஞ்சம் கூட. 2003 இல் அணி போனது, அடுத்த வருடம் பெயரும் மாறியது.

ரசிகர்கள் அழுதுகொண்டிருக்கவில்லை. சில வாரங்களிலேயே புதுக் கழகம் தொடங்கி, பொதுத் திடலில் வீரர் தேர்வு வைத்தார்கள். ஒன்பதாம் படிநிலையில் ஆடத் தொடங்கி 2011 இல் தொழில்முறை லீக்குக்கு ஏறினார்கள். 2020 இல் பழைய மைதானம் இருந்த பிளவ் லேன் தெருவுக்கே திரும்பினார்கள். கழகம் ரசிகர்களுடையது. பந்தை ஒழுங்காக உதைக்கத் தெரியாத எங்கள் அண்ணாவும் வருடச் சந்தா கட்டும் உறுப்பினர்.

எங்கள் கதை தலைகீழ். 2009 இல் மைதானம் இருந்த இடத்திலேயே இருந்தது, ஊர்தான் போனது. அப்போது செயலாளராக இருந்த சித்தப்பா, கூட்டக் குறிப்பேட்டைப் பொலித்தீன் பையில் சுற்றிச் செட்டிகுளம் முகாம் வரை கொண்டுபோனார். அதில் கடைசியாக இருப்பது கோல் வலை வாங்கப் பிரித்த காசுக் கணக்கு. தராதவர்களின் பெயர்களும் உண்டு. மீள்குடியேறிய பின் நடந்த முதல் கூட்டத்தில் அந்தப் பாக்கிப் பட்டியலை வாசித்தார். எல்லோரும் சிரித்தார்கள். சில பெயர்களை அவர் வாசிக்காமல் தாண்டினார்.

மாங்குளத்திலிருந்து:

தம்பி, இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அங்கே கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோனார்கள், இங்கே ஷெல் விழுந்தது. ஆனால் சந்தா கட்டி நடத்தும் கழகம் நமக்கொன்றும் புதிதில்லை. நம் ஊர்க் கழகங்கள் எல்லாமே அப்படித்தான். உரிமையாளர் என்று ஒருவர் இருந்தால்தானே விற்க முடியும்? நமக்கு ஆபத்து வேறு பக்கத்தால் வருகிறது. எங்கள் கழகத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒருவர் ஜேர்சிக்குக் காசு அனுப்பினார். அடுத்த வருடம் தலைவராக யார் வரவேண்டும் என்று தொலைபேசியில் சொல்லவும் தொடங்கிவிட்டார்.

கிளிநொச்சியிலிருந்து:

2020 இல் முதலாவது லங்கா பிரீமியர் லீக் கிரிக்கெட்டில் ஜஃப்னா ஸ்டாலியன்ஸ் கிண்ணம் வென்றபோது இங்கே பட்டாசு கொளுத்தினோம். அத்தனை ஆட்டமும் ஹம்பாந்தோட்டையில். அடுத்த வருடம் உரிமையாளர் மாறி, பெயரும் ஜஃப்னா கிங்ஸ் ஆனது. ஊரை விட்டுப் போவதற்கு முதலில் ஊருக்கு வந்திருக்க வேண்டுமே! அது கிடக்கட்டும், உங்கள் அண்ணா மில்டன் கீன்ஸ்காரரை மன்னித்துவிட்டாரா?

புதுக்குடியிருப்பிலிருந்து:

எங்கே! 2012 டிசம்பரில் இரண்டு அணிகளும் முதன்முதலில் மோதின. 2-1 என்று மில்டன் கீன்ஸ்காரர்தான் வென்றார்கள். அதைச் சொன்னபோதுகூட அண்ணா அணியின் பெயரைச் சொல்லவில்லை, "அந்த ஊர்க்காரர்" என்றுதான் சொன்னார்.