1961இல் மாத்தளைத் தோட்டத்தில் பிறந்தவரின் பிறப்புப் பதிவைத் தேட உதவி தேவை

வேலூரை அடுத்த மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாமில் வசிக்கும் என் அம்மாவின் பிறப்புப் பதிவு கிடைக்காததால், அவருடைய இலங்கைக் குடியுரிமை விண்ணப்பம் நகராமல் நிற்கிறது. இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும், 2009இல் திருத்தப்பட்ட 2003ஆம் ஆண்டு இலங்கைச் சட்டத்தின் கீழ், 1964க்கு முன்பே அவர் அங்கே வாழ்ந்தார் என்று காட்ட வேண்டும்.

அம்மா 1961இல் மாத்தளை மாவட்டத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட, இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களான மலையகக் குடும்பம் எங்களுடையது. 1977 ஆகஸ்ட் கலவரத்தில் லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) எரிக்கப்பட்டதால் வவுனியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1983 ஜூலைப் படுகொலைக்குப் பின் இளைஞர்கள் ஆயுத இயக்கங்களில் பெருமளவில் சேர, கலவரம் போராக மாறியது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது, படகேறி மண்டபம் முகாம் வழியாக இங்கே வந்து சேர்ந்தார்கள். வாக்குரிமையே இல்லாத மக்கள் மீது இத்தனையும் விழுந்தது என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

முகாம் பதிவு அட்டையையும் மண்டபத்தில் பதிந்த விவரங்களையும் கொடுத்துப் பார்த்தோம். அவை போதாது என்றார்கள். வவுனியாவில் உள்ள உறவினர் மாத்தளைக்கே சென்று கேட்டபோது, பதிவு எண் இல்லாமல் தேட இயலாது என்று திருப்பி அனுப்பினார்கள். தோட்டமோ 1975இல் தேசியமயமாக்கப்பட்டு, 1992க்குப் பின் தனியார் நிர்வாகத்துக்குச் சென்றுவிட்டதால், தாத்தாவின் பெயர் இருந்த பழைய செக்ரோல் (தோட்டத் தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) யாரிடம் இருக்கிறது என்பதும் தெரியவில்லை.

பதிவு எண் இல்லாமல், பெற்றோர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் மட்டும் வைத்து 1961ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவைப் பெற்றவர்கள் யாராவது இருந்தால், எந்த அலுவலகத்தில் எப்படி விண்ணப்பித்தீர்கள் என்று சொல்ல முடியுமா?