பழைய கம்ப்யூட்டரைத் தட்டி எடுத்துக் கொடுப்பது உதவியா, தலைவலியா?

கரிசல்காடு:
சென்னையில் ஒரு நிறுவனம் நாற்பது டெஸ்க்டாப்களைக் கழித்துவிடுகிறது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இந்தப் பெட்டிகளில் இல்லை. காரணம் அவ்வளவுதான், மற்றபடி எல்லாம் ஓடுகிறது. பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி மாட்டி, விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் மின்ட் போட்டு, கோவில்பட்டி பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று நாலு பேர் சேர்ந்திருக்கிறோம். யார் வருகிறீர்கள்?

சாக்பீஸ்:
வாத்தியாராகக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம். எங்கள் பள்ளிக்கும் இப்படிப் பத்து வந்தன. சால்வை, போட்டோ எல்லாம் ஆயிற்று. ஆறே மாதத்தில் ஏழு படுத்துவிட்டன. ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிய பொருள் என்பதால் தூக்கிப் போடவும் முடியாது. உதவாத பொருள் என்று கழித்துவிட (‘கண்டம்’ செய்ய) அனுமதி கேட்டு எழுதிப் போட்டுக் காத்திருக்கிறோம். லேபில் பாதி இடம் அவற்றுக்கே போய்விட்டது, பிள்ளைகள் வராந்தாவில்.

ஸ்க்ரூடிரைவர்:
ஏழும் செத்துவிட்டன என்று யார் திறந்து பார்த்துச் சொன்னது சார்? ரிச்சி தெருவில் இருக்கிறேன், தினமும் பார்க்கிற கதை. போர்டில் பொத்தான் மாதிரி ஒரு செல் இருக்கும், 2032. அது தீர்ந்தால் கடிகாரம் பத்து, பதினைந்து வருஷம் பின்னால் போய்விடும். எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பு இல்லை’ என்று பிரவுசர் மறிக்கும். உடனே ‘நெட் போச்சு, சிஸ்டம் போச்சு’ என்று துணி போட்டு மூடிவிடுவார்கள். பீப் பீப் என்று கத்தினால் ராம் என்கிற மெமரி அட்டையைக் கழற்றி, ரப்பரால் தேய்த்து மாட்டினாலே பாதி எழுந்துவிடும்.

சாக்பீஸ்:
சரி தம்பி. அந்தச் செல்லை மாற்ற எங்கள் ஊருக்கு யார் வருவது? என் கேள்வியே அதுதான். கொடுக்கிறவர் பெயர் கல்வெட்டில் இருக்கும், ரிப்பேர்காரர் நம்பர் எங்கேயும் இருக்காது.

சும்மாஇருப்பவன்:
எல்லார் கையிலும் போன் இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு? அப்புறம் லினக்ஸ். 2011-ல் அரசு லேப்டாப் கொடுத்தபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக் சென்னையில் செய்தது, தமிழும் உண்டு. எங்கள் வகுப்பில் ஒருத்தரும் அதைத் திறக்கவில்லை.

கரிசல்காடு:
போனில் ஒரு பத்துப் பக்க புராஜெக்டை அடித்துப் பாருங்கள், அப்புறம் பேசுவோம். என் தங்கை பொறியியல் கவுன்சலிங்குக்குக் கல்லூரி வரிசையைப் போனில்தான் போட்டாள். விரல் பட்டு மேலே கீழே போனதைக் கடைசி நாள் ராத்திரிதான் பார்த்தோம். பாஸ் விஷயம் உண்மைதான். பக்கத்தில் விண்டோஸ் இருந்தால் யார் திறப்பார்கள்? இங்கே இது ஒன்றுதான் இருக்கும்.

காயலான்கடை:
செத்த பிறகு என்ன செய்வீர்கள் என்று யாருமே கேட்கவில்லை. எங்கள் கடைக்குத்தான் வரும். எங்களிடமிருந்து போகிற போர்டைச் சில இடங்களில் ஆசிட்டில் முக்கித் தங்கம் எடுக்கிறார்கள், வயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கிறார்கள். அந்தப் புகை ஒரு தடவை மூக்கில் ஏறினால் மறக்காது. அந்த நிறுவனம் தன் குப்பையை உங்கள் தலையில் கட்டுகிறதோ என்றுதான் எனக்குச் சந்தேகம். 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மின்கழிவு விதிகளில், பழுது நீக்கிப் புதுப்பிப்பவர்களும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிய வேண்டும் என்று இருக்கிறது. நீங்கள் நாலு பேர் எந்தக் கணக்கில் வருவீர்கள் என்று முதலில் விசாரியுங்கள்.

கரிசல்காடு:
அண்ணே, இதை யோசிக்கவே இல்லை. விசாரித்துவிட்டே இறக்குகிறோம். நாற்பது வேண்டாம், பன்னிரண்டு போதும். தானமாகவும் வேண்டாம், இரவலாகக் கொடுக்கிறோம். பெட்டி எங்கள் பொறுப்பிலேயே இருக்கும், ரிஜிஸ்டரில் ஏறாது. செத்தால் நாங்களே எடுத்துப்போய், பதிவுபெற்ற மறுசுழற்சிக்காரரிடம் சேர்க்கிறோம்.

சாக்பீஸ்:
இரவல் என்றால் என் பயம் பாதிதான் குறைகிறது. இரண்டு வருஷத்தில் நீங்கள் நாலு பேரும் வேலைக்கென்று சென்னை, பெங்களூரு போய்விடுவீர்களே, அப்போது?

ஸ்க்ரூடிரைவர்:
எனக்கும் ஊர் அந்தப் பக்கம்தான் சார். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் வருவேன். உங்கள் லேபில் மூடி வைத்திருக்கிற ஏழையும் அப்போது திறந்து பார்க்கலாமா?

சாக்பீஸ்:
சாவி எச்எம்மிடம் இருக்கிறது. கேட்டுச் சொல்கிறேன்.