டைடல் பார்க் வேலைக்கு சைக்கிள்: திருவான்மியூரா, வேளச்சேரியா?

தெருமுனை:
ஆபீஸ் சென்னை தரமணியில், டைடல் பார்க் ஐ.டி. வளாகம். காலை 9க்கு உள்ளே இருக்கணும், மாலை 6க்குக் கிளம்பலாம். கியர் இல்லாத சைக்கிள். வாடகைக்கு எந்தப் பக்கம் பார்க்கலாம்?

கிழக்குவாசல்:
திருவான்மியூர்தான். தூரம் இரண்டு கிலோமீட்டர் சொச்சம். அதைவிட முக்கியம் வெயில். வீடு ஆபீசுக்குக் கிழக்கே இருந்தால் போகும்போதும் வரும்போதும் சூரியன் முதுகுப் பக்கம். வேளச்சேரி மேற்கே இருக்கு, இரண்டு வேளையும் கண்ணைக் கூசும். பின்னால் வர்ற வேன்காரருக்கும் அதே கூச்சம்தான். முன்னால் போற சைக்கிள் அவர் கண்ணில் படாது.

தண்டவாளம்:
பாதிதான் சரி. காலை 8.30க்குச் சென்னையில் சூரியன் நல்லா மேலே ஏறிடும், கண்ணுக்கு நேரே நிற்காது. மாலை வெயில் தொல்லை கோடையில் உண்டு. நவம்பரில் 5.40 வாக்கிலேயே அஸ்தமனம், அப்போ வெயில் இல்லை, பின் விளக்குதான் பிரச்சினை. காற்றை ஏன் சொல்லலை? கோடை மாலையில் கடல்காற்று கிழக்கிலிருந்து வீசும். வேளச்சேரிக்காரரை அது தள்ளிக்கொண்டு போகும், உங்க ஆளுக்கு எதிர்காற்று.

இன்னொன்று: டைடல் பார்க் ஓ.எம்.ஆருக்கு (பழைய மகாபலிபுரம் சாலைக்கு) மேற்கே. வேளச்சேரியிலிருந்து தரமணிக்குள் புகுந்து சி.எஸ்.ஐ.ஆர். சாலை வழியாக வந்தால் ஓ.எம்.ஆரைக் கடக்கவே வேண்டாம். சுமார் 5 கிலோமீட்டர், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் 20 நிமிஷம். திருவான்மியூர் ஆள் தினமும் இரண்டு தடவை ஓ.எம்.ஆர். சந்திப்பைத் தாண்டணும்.

கிழக்குவாசல்:
இரண்டு கிலோமீட்டர் எதிர்காற்றுக்கு யாரும் நாக்குத் தள்ளிப் போக மாட்டாங்க. சந்திப்பு விஷயத்தை ஒத்துக்கறேன், ஆனா தாண்டுற முறை தெரிஞ்சா பயமில்லை. புதுசா ஓட்டுறவங்க சிக்னலில் இடது ஓரத்தை ஒட்டி நிற்பாங்க, தப்பு அதுதான். இடப்பக்கம் திரும்புற பஸ் குறுக்கே வெட்டும். நேராகப் போகணும்னா இருபது முப்பது மீட்டர் முன்பே கையைக் காட்டி, நேர்வரிசையின் நடுவுக்கு வந்துடணும். தைரியம் வரலைன்னா இறங்கித் தள்ளிக்கொண்டு கடக்கலாம்.

வேளச்சேரிக்கு மழைக்காலம்னு ஒண்ணு இருக்கு, மறந்துட்டீங்களா? 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் வெள்ளம். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பக்கத்திலேயே. முழங்கால் தண்ணீரில் அச்சு முழுகினால் கிரீஸ் கரைஞ்சு, பேரிங் கரகரன்னு சத்தம் போடும். தண்ணிக்கு அடியில் மூடி இல்லாத குழி இருந்தா அதைவிடப் பெரிய ஆபத்து.

தண்டவாளம்:
வேளச்சேரி முழுக்க ஒரே மட்டம் இல்லையே. ராம் நகர், ஏ.ஜி.எஸ். காலனி பக்கம் தண்ணி தேங்கும், மறுக்கலை. வீடு பார்க்கும்போது காம்பவுண்டுச் சுவரில் பழைய தண்ணீர்க் கறை இருக்கா, ஈ.பி. பெட்டியை எவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்காங்கன்னு கவனிங்க. அண்மையில் இடுப்புயரத்திலிருந்து தலைக்கு மேலே தூக்கி மாட்டியிருந்தா அந்தத் தெருவே வேண்டாம். வீடு மேடாக இருந்தாலும் தெருமுனை பள்ளம்னா சைக்கிள் வெளியே வராது.

உங்க கடற்கரைப் பக்கத்துக் கதையையும் சொல்லுங்க. உப்புக்காற்றில் செயின் ஒரே வாரத்தில் செம்பழுப்பா மாறும்.

கிழக்குவாசல்:
வாரம் ஒருமுறை பழைய துணியால் துடைச்சு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய். பெடலை இருபது சுற்று பின்னால் சுத்தி, வெளியே வழியறதைத் துடைச்சிடணும். துடைக்காம விட்டா மணல் ஒட்டிப் பல்சக்கரத்தை அரைக்கும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், பிசுபிசுன்னு ஆயிடும்.

சைக்கிள்கடை:
இரண்டு பேரும் மாடியை மறந்துட்டீங்க. கியரில்லாத இரும்பு வண்டி 18 கிலோ வரைக்கும் இருக்கும். லிப்ட் இல்லாத இரண்டாவது மாடி, கீழே பூட்ட இடம் இல்லைன்னா எந்த ஏரியாவா இருந்தா என்ன, பத்து நாளில் பைக் வாங்கிடுவீங்க. முன்பணம் கொடுக்கும் முன், செவ்வாய் அல்லது புதன் 8.15க்கு அந்த வீட்டு வாசலிலிருந்து ஓட்டிப் பாருங்க. ஞாயிறு காலை ஓட்டினால் எந்த ரோடும் நல்ல ரோடுதான்.

தெருமுனை:
திருவான்மியூர் வாடகை கட்டுப்படியாகலைன்னா?

கிழக்குவாசல்:
தரமணிக்குள்ளேயே பாருங்க. வண்டவாளம் பேசுற தண்டவாளமும் அதுக்குச் சண்டைக்கு வரமாட்டார்.