பண்டல் கடையில் கிடைத்த ஹங்கேரிப் பூவேலை: உதிர்ந்த இதழை நிரப்பலாமா?

பால்மரத்தடி (சுங்கை சிப்புட்):
வணக்கம். டவுனில், பழைய துணி விற்கும் பண்டல் கடையில் எட்டு வெள்ளிக்கு ஒரு வெள்ளைப் பிளவுஸ் எடுத்தேன். மெல்லிய பருத்தி, கழுத்துக்குள் 'மேட் இன் ஹங்கேரி' என்று தேய்ந்த லேபல். மார்பு நிறைய சிவப்பு, மஞ்சள், ஊதாப் பூக்கள். இடையிடையே துணியை வெட்டி, ஓட்டையின் ஓரத்தைத் தையலால் கட்டியிருக்கிறார்கள், நம் நியோன்யா கெபாயா (பெரானாக்கான் சீனப் பெண்களின் பூவேலை மேல்சட்டை) மாதிரியே. இடது தோளில் ஒரு பூவுக்கு மூன்று இதழில் நூலே இல்லை. அந்த இடத்தில் மெல்லிய நீலக் கோடு தெரிகிறது. அம்மா ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து, மத்தியானம் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் தலையணை உறைக்குப் பூப்போடுவார். கார்பன் தாளின் கோடு இப்படித்தான் நீலமாக விழும். பார்த்ததும் தொண்டை அடைத்துவிட்டது. மகள் தீபாவளிக்குப் போடவேண்டும். இது கைவேலையா? இதழை நிரப்பலாமா? எப்படி அலசுவது?

ஊசிமுனை (கிள்ளான்):
உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். மெஷின் என்றால் பூவின் அடியில் வேறு நிறப் பாபின் நூல் (மெஷினின் கீழ்ச்சுருளிலிருந்து வரும் நூல்) ஓடும், பெரும்பாலும் வெள்ளை. கைவேலையில் முன்பக்க நிறமே பின்னாலும் இருக்கும், ஒரு பூவிலிருந்து அடுத்ததற்கு நூல் தாவியிருக்கும்.

கெபாயா அக்கா (தைப்பிங்):
தங்கச்சி, நீங்கள் சொல்வது கலோச்சா வேலை போலிருக்கிறது. தன்யூப் ஆற்றுப் பக்கத்து ஊர். அங்கே முதலில் வெள்ளைத் துணியில் வெள்ளை நூல்தான். பிறகு சிவப்பு, நீலம், கறுப்பு. பல நிறம் வந்தது 20-ஆம் நூற்றாண்டில்தான். துணியில் பூ வரைந்துகொடுக்கத் தனிப் பெண்கள் இருந்தார்கள். 'எழுதும் பெண்கள்' என்று பெயர். அவர்களே வீட்டுச் சுவரிலும் அதே பூக்களைத் தீட்டுவார்கள். நாம் வாசலில் கோலம் போடுகிற கை மாதிரி. மெசோகோவெஷ்ட் ஊர் மத்யோ மக்களின் வேலை வேறு, ரோஜாக்களை நெருக்கி நிரப்புவார்கள். 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது அதுதான்.

ஓட்டை வேலை மெஷினில் போட்டதாக இருந்தாலும் வருத்தப்படாதீர்கள். கெபாயாவுக்கும் நாங்கள் மெஷினில்தான் ஓட்டுகிறோம், கையால் வளையத்தைத் திருப்பித் திருப்பி.

இதழை நிரப்புங்கள், நூலை நெருக்கமாக அருகருகே போடும் சாட்டின் தையல் போதும். நூல் வாங்கும்போது பின்பக்க நிறத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். அது வெயில் படாத புது நிறம், முன்பக்கத்தில் துருத்தித் தெரியும்.

பழம்பெட்டி (ஈப்போ):
நான் நிரப்பமாட்டேன். அந்தக் கோடு போனால் திரும்பாது. மீதி நூல் அவிழாமல் ஓரத்தை மட்டும் கட்டுங்கள். ஊறவைக்கவே வேண்டாம். முதலில் ஈர வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின்மேலும் அழுத்திச் சோதியுங்கள். அயர்ன் பண்ணும்போது பூவைக் குப்புற டவலில் வையுங்கள்.

பால்மரத்தடி:
சோதித்தேன். சிவப்பு மட்டும் லேசாக ஒட்டியது, நல்லவேளை வாளியில் போடவில்லை. பின்னால் பாபின் நூல் இல்லை, பூக்கள் கைவேலைதான்! பழம்பெட்டி அண்ணே, இரண்டு இதழை நிரப்பி ஒன்றைக் கோட்டோடு விடப்போகிறேன். அம்மாவின் பிஸ்கட் டின்னில் வெளிறிய சிவப்பு நூல் அரைக் கட்டை இருக்கிறது. முன்பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒத்துப்போகிறது.