நவம்பர் 1, உலக வீகன் தினம்: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

பொருநைக்கரை, சென்னை:

2024-இல் தீபாவளி அக்டோபர் 31. மறுநாளுக்கும் தமிழக அரசு லீவு விட்டிருந்தது. அந்த மறுநாள்தான் உலக வீகன் தினம் (கறி, முட்டை மட்டுமல்ல, பால், நெய், தேன் என்று விலங்கிலிருந்து வரும் எதையும் சாப்பிடாதவர்கள்தான் வீகன்). ஊரிலிருந்து மாமா, அத்தை, நாத்தனார் குடும்பம் எல்லாரும் வந்திருந்தார்கள். டப்பா டப்பாவாக நெய் மைசூர்பாகு, பால்கோவா. அன்று மத்தியானச் சமையல் என்னுடையது, ஒரு சொட்டுப் பால்கூட இருக்காது என்று முன்னாடியே சொல்லிவைத்திருந்தேன்.

எங்களுடையது சைவக் குடும்பம். முட்டைகூட வீட்டுக்குள் வராது. அதனாலேயே நான் பாலை விட்டது அவர்களுக்குப் பிடிபடவில்லை. "நாமதான் ஏற்கெனவே சைவமாச்சே, இதுக்கு மேல என்ன?" என்பார்கள்.

பருப்புக்கு நெய்க்குப் பதில் நல்லெண்ணெய். சாம்பார், சேனை வறுவல், கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் விட்ட பாசிப்பருப்புப் பாயசம். யாரும் எதுவும் சொல்லவில்லை. சிக்கல் கடைசிச் சோற்றில்தான். தயிர் இல்லாமல் இலையை மடிக்க எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் மனசு வராது.

அதற்காக வேர்க்கடலைத் தயிர் போட்டிருந்தேன். பச்சை வேர்க்கடலையை ராத்திரி ஊறவைத்து, தோலைத் தேய்த்து நீக்கி, நைசாக அரைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும். அந்தப் பாலைச் சின்னத் தீயில் கிண்டிக்கொண்டே காய்ச்சணும், விட்டால் அடிபிடிக்கும். கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் காம்போடு கொஞ்சம் பச்சைமிளகாயை உள்ளே அமிழ்த்தி மூடிவைத்தால் புளித்து உறையும். முதல் தடவை தண்ணியாகத்தான் வரும். அதையே உறையாக எடுத்து இன்னொரு தடவை போட்டால் கெட்டியாக நிற்கும். கடலை வாசம் லேசாக இருக்கும், மறைக்க முடியாது. கடுகு, இஞ்சி, பெருங்காயம் தாளித்தால் தயிர்சாதத்துக்கு அமோகமாகப் பொருந்தும்.

சாப்பிட்டு முடித்ததும் மாமா ஆரம்பித்தார். "காந்தியே ஆட்டுப்பால் குடிச்சாரும்மா." உண்மைதான் மாமா, ஆனால் பாலே குடிப்பதில்லை என்று விரதம் எடுத்தவர் அவர், கறவையில் மாடுகள் படும் கொடுமையைப் படித்தது அதற்கு ஒரு காரணம், உயிருக்கே ஆபத்தான நோயில்தான் ஆட்டுப்பாலுக்கு இறங்கினார், அந்த வருத்தம் பல வருஷம் கழித்தும் தீரவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார் என்றேன்.

அத்தை சொன்னது வேறு. "பசு தானாத்தான தருது. நாம என்ன அதக் கொல்லவா செய்தோம்?"

அத்தை மாடு கன்றோடு வளர்ந்தவர். அவரிடம் போய் நான் பாடம் எடுக்க முடியாது. காளைக் கன்று பிறந்தால் இப்போது என்ன செய்கிறார்கள் என்று மட்டும் கேட்டேன். உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது, சினைக்கு ஊசி வந்துவிட்டது. காளைக் கன்றுக்குத் தீனி போட யாருக்குக் கட்டுபடியாகும்? பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து கேரளாவுக்கு லாரி லாரியாக மாடு போவது ஊரறிந்த விஷயம். பால் வற்றிய பசுவுக்கும் அதே வழிதான்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அத்தையே சொன்னார். "எங்க தொழுவத்துல ஒரு கன்னு செத்துப்போச்சு. தோல உரிச்சு, வைக்கோலத் திணிச்சு, கறக்கையில பசு முன்னால கொண்டுபோய் நிறுத்துவாக. அது நக்கிக்கிட்டே நிக்கும். மடி சுரந்துரும். எனக்கு அப்போ சின்ன வயசு, அந்தப் பக்கமே போகமாட்டேன்."

சாயங்காலம் அத்தை வழக்கம்போல ஃபில்டர் காபி குடித்தார், நானே கலந்து கொடுத்தேன். ஆனால் வெறும் விவாதமாக இருந்தால் அந்தக் கன்றின் கதை வெளியே வந்திருக்காது. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதால்தான் வந்தது. இந்த நாளைக் கொண்டாட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மதுரைக்காரன்:

நான் கறி சாப்பிடும் வீட்டில் பிறந்தவன். குலசாமிக்குக் கிடா வெட்டு உண்டு. நான் நிறுத்தியது ஆட்டுக்காகவும் மாட்டுக்காகவும். ஆபீசில் ஒருத்தர் "பரவாயில்லையே, நீயும் எங்க ஆளாயிட்ட" என்று தோளில் தட்டினார். உடனே சொல்லிவிட்டேன், "சார், நீங்க சொல்ற சுத்தம் வேற, இது வேற. கறி திங்கிறவனுக்கு வாடகைக்கு வீடு இல்லைனு போர்டு வைக்கிற சைவம் எனக்கு வேண்டாம்." வீகன் என்று சொல்லிக்கொள்கிற எல்லாரும் இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சாதியை ஒட்டவைத்தால் மாட்டுக்கும் பிரயோசனம் இல்லை, மனுசனுக்கும் இல்லை.

இன்னொன்று. எங்கள் வீட்டுச் சமையலை வீகனாக்குவது ரொம்பச் சுலபம். எங்கம்மா குழம்பில் பாலும் நெய்யும் எப்போது இருந்தது? நவம்பர் 1 அன்று கறி மசாலாவை அப்படியே அம்மியில் அரைத்து, கறிக்குப் பதில் பலாப்பிஞ்சு போட்டு வைத்தார். தம்பி முதல் வாயிலேயே "எலும்பு எங்கம்மா?" என்று கேட்டான். அம்மாவுக்கு அன்று முழுக்கச் சிரிப்பு.

ஈஸ்ட்ஹாம் தமிழ், லண்டன்:

இந்த நாள் பிறந்த நாட்டில இருக்கிறன், அதால எழுதுறன். 1994-இல் இங்கத்தைய வீகன் சொசைட்டிக்குத் தலைவராய் இருந்த லூயிஸ் வாலிஸ் தொடக்கிவைச்ச நாள் இது. சொசைட்டி 1944 நவம்பரில் தொடங்கினது, அதின்ர 50-ஆவது ஆண்டு. எந்தத் தேதி எண்டு சரியாத் தெரியாததால முதலாம் தேதியை எடுத்தவா. ஹாலோவீன் ஒட்டின விருந்துக் காலம் எண்டதும் ஒரு காரணம். எங்கட தீபாவளிக்குப் பக்கத்தில வாறது தற்செயல்தான், ஆனா நல்ல தற்செயல்.

பொருநைக்கரை அக்கா சொன்ன பால் பிரச்சினை 1944-இலயே இருந்தது. டொனால்ட் வாட்சன் எண்ட தச்சுவேலை ஆசிரியரும் கொஞ்சப் பேரும், பாலும் விட்டவைக்கு இங்கத்தைய சைவ உணவுச் சங்கத்துக்குள்ள ஒரு பிரிவு கேட்டவை. சங்கம் மறுத்திட்டுது. அதுக்குப் பிறகுதான் தனியாப் போனவை. அதுவும் போர்க்காலத்தில, ரேஷன் சாப்பாட்டில. வாட்சன் 2005 வரை, 95 வயசு வரை இருந்தவர்.

இப்ப நவம்பர் மாசம் முழுக்கவே வீகன் மாசம் எண்டு கடையளில விளம்பரம். எனக்கு அதைவிட அம்மாவின்ர தேங்காய்ப்பால் சொதியும் இடியப்பமும் பெரிசு. கடையில சம்பல் வாங்கினா மட்டும் கேளுங்கோ, மாசிக் கருவாடு போட்டிருப்பினம்.

நொய்யல், கோவை:

எல்லாரும் ருசியைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள். நான் வைட்டமின் பி12 பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் என் தங்கை அது குறைந்து கை கால் மரத்துப்போய்ச் சிரமப்பட்டாள். செடிகொடியிலிருந்து நம்பிக்கையாக பி12 கிடைக்காது. வீகனானால் மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ கட்டாயம். மாத்திரை தினம் என்றால் குறைந்தது 10 மைக்ரோகிராம், வாரம் ஒரு தடவை என்றால் 2000. இது வீகன் சொசைட்டியே சொல்லும் அளவு. மரத்துப்போதலோ அசதியோ இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்து டாக்டரைப் பாருங்கள்.

கடையில் வாங்கும்போது சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளியை நம்பிவிட வேண்டாம், பாலும் தேனும் இருந்தாலும் அது இருக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2022-இல் வீகன் உணவுக்குத் தனி விதி கொண்டுவந்திருக்கிறது. சதுரத்துக்குள் பச்சை நிற 'வி', அதன் மேல் சின்னத் துளிர். அந்த முத்திரையைத் தேடுங்கள்.

பொருநைக்கரை, அந்த மிளகாய்க் காம்பு எவ்வளவு நேரம் ஊறணும்? எங்கள் ஊர்க் குளிரில் நடக்குமா?

பொருநைக்கரை, சென்னை:

சென்னை வெயிலில் ஒரு ராத்திரி போதும். கோவை மார்கழிக்கு அரிசி டப்பாவுக்குள் புதைத்துவைத்து, மறுநாள் மத்தியானம் வரை தொடாதீர்கள்.