மறு: குரோமோசோமின் ‘சைலன்ட்’ பகுதி – உறங்குபகுதியா, அடங்குபகுதியா?

> பாடநூலில் ‘சைலன்ட்’ பகுதிக்கு ‘உறங்குபகுதி’ என்றே வைத்துவிடலாமே. மாணவருக்குச் சட்டென்று புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். அங்கே நின்றுபோவது மரபணுவின் பேச்சு, அதாவது அதிலுள்ள செய்தி படியெடுக்கப்படுவது, மட்டும்தான். டி.என்.ஏ. இரட்டிப்பு நிற்பதில்லை, நின்றால் செல் பிரியும்போது இரண்டு சேய்ச்செல்லுக்கும் அந்தத் துண்டு முழுசாகப் போய்ச் சேராது.

ரொட்டி ஈஸ்ட்டின் 3ஆம் குரோமோசோமில் எச்.எம்.எல்., எச்.எம்.ஆர். என்று இரண்டு இடங்கள். சர்2, சர்3, சர்4 புரதங்கள் சேர்ந்து அவற்றின் வாயைக் கட்டிவைக்கின்றன. எச்.எம்.எல். ஓரத்தில் இரட்டிப்பைத் தொடங்கவல்ல வரிசைகளும் உண்டு. அவற்றை வெட்டி, பிளாஸ்மிட் என்ற தனிச் சிறு டி.என்.ஏ. வளையத்தில் வைத்தால் வேலை செய்கின்றன. சொந்த இடத்தில் செய்வதில்லை. அவற்றின் முறை வருவதற்குள் வேறிடத்தில் புறப்பட்ட இரட்டிப்புக் கவை (இழைகள் பிரிந்து நகலாகிக்கொண்டே நகரும் முனை) வந்து கடந்துபோய்விடுகிறது.

இதனால்தான் இரட்டிப்பு தொடங்கும் இடமான ‘ஆரிஜின்’ என்பதற்கு ‘ஊற்றுக்கண்’ கேட்கிறேன். அங்கே இரட்டிப்பு தொடங்குவதான ‘ஃபயரிங்’கை ‘சுடுதல்’ என்று எழுதிப் படாதபாடு படுகிறோம். ஊற்றுக்கண் திறக்கும், அடைபடும், தாமதமாகத் திறக்கும். பக்கத்து ஊற்றின் நீர் அதன்மேல் பாய்ந்தும் போகும். குரோமோசோமின் நுனியான டெலோமியர் அருகே ரிஃப்1 புரதம் செய்வதையும் இதில் சொல்லிவிடலாம்: கண்ணைத் திறக்க டி.டி.கே. கைனேஸ் என்ற நொதி ஒட்டும் பாஸ்பேட்டை, ரிஃப்1 கூட்டிவரும் பாஸ்பட்டேஸ் என்ற நொதி கழற்றிவிடுகிறது. திறப்பு தள்ளிப்போகிறது.

> அப்படியானால் ‘தாமதப்பகுதி’?

அக்கா, பிளவு ஈஸ்ட் என்ற இன்னொரு ஈஸ்ட் வகை அதைக் கெடுத்துவிடும். அதன் குரோமோசோமின் இடுப்பான சென்ட்ரோமியரை ஒட்டிய பகுதி பேசாத பகுதிதான், ஆனாலும் சீக்கிரமே இரட்டிக்கிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் ஸ்வி6 புரதமே டி.டி.கே.யை வரவழைக்கிறது. மௌனம் வேறு, நேரம் வேறு. இரண்டையும் ஒரே சொல்லில் முடிந்தால் பிறகு அவிழ்க்க முடியாது.

‘அடங்கு’ என்றால் சத்தமும் அடங்கும், பெட்டிக்குள் துணியும் அடங்கும். இங்கே பேச்சும் அடங்கி, இழையும் நெருக்கமாக அடங்கியிருக்கிறது. ‘அடக்கப்பகுதி’ என்று மட்டும் எழுதாதீர்கள், இடுகாடு நினைவுக்கு வரும். ‘அடங்கல்’ என்ற சாகுபடிப் பதிவேடு கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கிறது, அவரிடமே இருக்கட்டும்.

ஆகவே: அடங்குபகுதி, ஊற்றுக்கண், கண்திறப்பு.

பகுதியைப் பேசாமல் ஆக்கும் ‘சைலன்சிங்’தான் இன்னும் இடிக்கிறது. ‘அடக்கல்’ என்றால் மரபணுவைத் தடுத்துவைக்கும் ‘ரெப்ரஷ’னோடு மோதும், ‘வாயடைப்பு’ பாடநூலுக்குக் கொஞ்சம் கொச்சை. வேறு சொல் இருந்தால் தாருங்கள்.